பாஹியான் சென்ற மரக்கலம்

கீழைக்கடல் வாணிகம் பருவக்காற்றால் வளர்ந்தது என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். அக்காற்று சீறியபோது மாலுமிகள் பட்ட பாட்டை எழுதுவதில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையினின்று 200க்கும் மேற்பட்டோருடன் புறப்பட்ட கலமொன்றில் சீனத்துறவி பாஹியான் பயணம் செய்தார். சில நாட்களிலேயே புயல் தாக்கிக் கலத்துள் நீர் புகுந்தது. பின்னே கட்டியிழுக்கப்பட்ட சிறுகலத்திற்கு வணிகர் தாவ முனைந்தனர்; அதிலிருந்தோர் மூழ்க அஞ்சிக் கயிற்றை வெட்டிவிட்டனர். சரக்குகள் கடலில் எறியப்பட்டன. பாஹியானும் தம் குடத்தை எறிந்தார். அரிதிற்றேடிய சுவடிகளையும் பறித்தெறிவரோ என்பதே அவரது அச்சம். 13 நாட்களின்பின் ஒரு தீவில் ஒதுங்கி, ஓதம் வடிந்ததும் ஓட்டையைக் கண்டு அடைத்தனர்.

அவர் குறிப்பில் நாம் கருதத்தக்கது பிறிதொன்று. ஞாயிறும் விண்மீன்களும் மறைந்தால் கலம் காற்றின் போக்கிலேயே சென்றது. ஆழ்கடலில் நங்கூரக்கல்லும் நிலைகொள்ளவில்லை. வானம் தெளிந்த பின்னரே திசையறிந்து செலுத்தினர். யவத்தீவு எனப் பலர் கருதும் நாட்டை அடைய மேலும் ஏறத்தாழ 90 நாட்களாயின.