ஒரே பொய் சொல்லும் பெட்டி

1970-களின் ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகடு அளந்தது. போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரோனிக் ஏற்பாடு அது. காற்று தள்ளத் தள்ளத் தகடு சாயும். எவ்வளவு சாய்ந்தது என்பது மின்னழுத்தமாக, இன்ஜினின் மின்னணு மூளையான இசியு-வுக்குப் போகும். இசியு அதைப் பார்த்து இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவுசெய்யும். தகட்டைப் பிடித்திருந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சிறிய பல்சக்கரம் தீர்மானித்தது. மெக்கானிக்குகளின் கை அதில் படாமல் இருக்குமா? மூடியைப் பெயர்த்து, சக்கரத்தை ஓரிரு பல் தளர்த்தினால் அதே காற்றுக்குத் தகடு கூடுதலாகச் சாயும், பெட்ரோலும் கூடுதலாக இறங்கும். இசியு-வைத் தொடவே வேண்டாம். அதற்குப் போகும் சேதியைத் திரித்தால் போதும்.

பிற்பாடு கடைகளில் ‘ஃப்யூயல் கன்ட்ரோலர்’ என்று விற்ற பெட்டிகளுக்கு அந்தப் பல்சக்கரம்தான் மூதாதை. அவற்றில் பெயர்பெற்றது ஜப்பானின் அபெக்ஸி நிறுவனம் 1990-களில் விற்ற எஸ்-ஏஎஃப்சி. கார் ரேடியோவைவிடச் சிறிய உடம்பு, மின்னும் எழுத்துத்திரை, திருக ஒரு குமிழ். ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து இசியு-வுக்குப் போகும் வயரை வெட்டி, நடுவில் இதை உட்கார வைப்பார்கள். இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்-மில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று பார்த்து, காற்றின் கணக்கைச் சில சதவீதம் கூட்டியோ குறைத்தோ இசியு-விடம் சொல்லும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இந்தப் பெட்டி சொன்னது ஒரே பொய்தான், ஆனால் ஓயாமல் சொன்னது.

கடல் தாண்டி அமெரிக்கா போனபோது அதற்கு நல்ல புகுந்த வீடு வாய்த்தது. கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் கூட்டாக இலினாய் மாநிலத்தின் நார்மல் ஊரில் நடத்திய டயமண்ட்-ஸ்டார் ஆலையில் எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளிமத் லேசர் என்று மூன்று பெயர்களில் ஏறக்குறைய ஒரே கார் தயாரானது. (அதே ஆலையில் இன்று ரிவியன் நிறுவனம் பெட்ரோலே தேவைப்படாத மின்சார வண்டிகளைச் செய்கிறது.) டர்போ வகைகளில் இருந்தது 4ஜி63 என்ற 2 லிட்டர் இன்ஜின். 1990-இல் அதன் திறன் 195 குதிரைசக்தி வரை இருந்தது. டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே சக்தி கூடும் என்பதால், கையில் காசு குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த இளைஞர்கள் இந்தக் கார்களைத் தேடி வாங்கினார்கள்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டிகளில் ஆலை வைத்த இன்ஜெக்டர், நிமிடத்துக்கு 450 சிசி விடுவது. அதைக் கழற்றிவிட்டு 550 சிசி இன்ஜெக்டரைப் போட்டுவிடலாம், ஆனால் மாற்றியது இசியு-வுக்குத் தெரியாது. பழைய கணக்கில் அதே நேரம் திறந்துவைக்கும், இன்ஜின் பெட்ரோலில் மூழ்கும். இங்கேதான் பெட்டிக்கு வேலை. 450-ஐ 550-ஆல் வகுத்தால் 0.82. காற்றின் கணக்கை 18 சதவீதம் குறைத்துச் சொல்லிவிட்டால், திறக்கும் நேரமும் அதே அளவு குறைந்து பெட்ரோல் பழைய அளவுக்கு வந்துவிடும். அளவு மீறிக் காற்று போனால் பெட்ரோலை நிறுத்தும் ‘ஃப்யூயல் கட்’ எல்லையும் இந்தப் பொய்யால் தள்ளிப்போனது. குமிழைத் திருகியவர்களுக்கு அது போனஸாகத் தெரிந்தது.

தெரியாமல் போனது வேறொன்று. காற்றுக் கணக்கை இசியு பெட்ரோலுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதற்கும் அதே கணக்குத்தான். காற்று குறைவு என்றால் சுமையும் குறைவு என்று எடுத்துக்கொண்டு டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். உண்மையிலோ சிலிண்டருக்குள் முன்னெப்போதையும்விட அதிகக் காற்று. கலவை தானாகவே வெடித்து இன்ஜின் ‘நாக்’ அடிக்கும். நாக் சென்சார் பிடித்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றும், பிடிக்காவிட்டால் பிஸ்டன் போகும். சின்னப் பொய்க்குச் சின்ன ஆபத்து. இன்ஜெக்டர் பெரிதாகப் பெரிதாகப் பொய்யும் பெரிதாக வேண்டியிருந்ததுதான் சிக்கல்.

ஐட்லிங்கிலும் ஒரு வம்பு உண்டு. கட்டளை வந்த நொடியில் இன்ஜெக்டர் திறந்துவிடாது, ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி தாமதமாகும். பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் தாமதம் இன்னும் கூடும். ஐட்லிங்கில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமே ஓரிரு மில்லிவினாடி என்பதால் இந்தத் தாமதம் அற்பமல்ல. பெரிய இன்ஜெக்டருக்குத் தாமதம் வேறாக இருந்தால், சதவீதக் கணக்கால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. சிக்னலில் நின்ற வண்டிகள் திக்கித் திணறியதற்கு இது ஒரு காரணம். போதாததற்கு, சாதாரண ஓட்டத்தில் இசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையைக் காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற விகிதத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் குமிழில் திருகியதை அது சத்தமில்லாமல் அழித்துவிடும்.

எஸ்-ஏஎஃப்சியின் செல்வாக்கை இரண்டு பக்கத்திலிருந்து அரித்தார்கள். ஒரு பக்கம், இசியு-வுக்குள் இருந்த சிப்பையே மாற்றும், டயமண்ட்-ஸ்டார் கார்களுக்கான டிஎஸ்எம்லிங்க் வந்தது. இன்ஜெக்டரின் அளவையும் தாமதத்தையும் இசியு-விடம் நேரடியாக, உண்மையாகவே சொல்லிவிடலாம், காற்றுக் கணக்கு கெடாது. சிப் கழற்றக்கூடிய இசியு வேண்டும் என்பதால், இந்தக் கார்களின் இரண்டாம் தலைமுறையில் 1995-ஆம் ஆண்டு மாடலின் இசியு-வுக்குத் தனி மவுசு. மறுபக்கம், 2001-இல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரு பொறியாளர்கள் மெகாஸ்குவர்ட்டைக் கொண்டுவந்தார்கள். வாங்கியவரே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ளும் கிட் அது. பழைய பெட்ரோல் கட்டுப்பாட்டை மொத்தமாக ஓரங்கட்டிவிடும். மலிவு, ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆவது முதல் ஏசி போட்டால் ஐட்லிங் விழாமல் இருப்பது வரை, ஆலையின் பொறியாளர்கள் வருடக்கணக்கில் செய்த வேலையை வாங்கியவர் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாரக் கடைசியில் ரேஸ் ஓட்டும் காருக்கு அது சரி. தினமும் அலுவலகம் போகும் காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எஸ்-ஏஎஃப்சி இன்று பழைய சாமான்களோடு விற்கிறது. ஆலையின் இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு சில சதவீதம் திருத்த மட்டும் விரும்புகிறவருக்கு அது இன்றும் உதவும். வயரிங் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இசியு-வைத் திறந்து எழுதும் வழி உங்கள் காருக்கு இருக்குமானால் அந்த வழியில் போங்கள், பெட்டி வேண்டாம். எதை வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன்பு ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை வாங்கிப் பூட்டுங்கள். காரோடு வந்த சென்சார் கலவை ரிச்சா (பெட்ரோல் அதிகமா), லீனா (குறைவா) என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று வைட்பேண்ட்தான் சொல்லும். அந்த எண் தெரியாமல் எந்தக் குமிழையும் திருகாதீர்கள்.