இரணைமடுக் கிறவலும் புந்தல ஆண்டுக்கணக்கும்: வன்னியின் தொல்பழங்கால ஆய்வுக்குப் பணம் வந்த வழிகள்

சிரான் தெரணியகல 1992இல் தொல்பொருள் திணைக்கள வெளியீடாகக் கொண்டுவந்த பெருநூல், இலங்கையின் தொல்பழங்காலத்தைப் பற்றி எழுதுகிற எவரும் சுற்றிப்போக முடியாத நூல். அவருடைய எழுத்தில் ஒரு மதிப்பீடு வருகிறது. இற்றைக்கு 125,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கு, கிழக்கு, தென்கிழக்கு வறண்ட தாழ்நிலங்களில் சதுர கிலோமீற்றருக்கு 0.8 முதல் 1.5 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்கிறார். ஈரவலயத்துக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. பின்வந்தவர்கள் முதல் எண்ணைக் கேள்வியின்றி எடுத்தாள்கிறார்கள். "வடக்கு" என்ற சொல் அந்த வரிசைக்குள் எப்படி வந்தது என்று எவரும் நின்று பார்ப்பதில்லை.

நின்று பார்க்க ஒரு எளிய பெருக்கல் போதும். கிளிநொச்சி மாவட்டம் 1,279 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவு 2,617, வவுனியா 1,967. கூட்டினால் 5,863. தெரணியகலவின் எண்களை இதன்மேல் வைத்தால், கடைசி இடைப்பனிக்காலத்தில் இன்றைய வன்னியின் இம்மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 4,700 முதல் 8,800 பேர் வரை வாழ்ந்திருக்க வேண்டும். அவர் இப்படிப் பெருக்கிக் காட்டவில்லை, பெருக்கியது நான். ஆனால் அவருடைய வரிசை இதற்கு இடம் தருகிறது. இத்தனை பேருக்கும் ஆதாரமாக நிற்பவை தென்கோடியில், அம்பாந்தோட்டைக் கரையோரம் புந்தலவில் எடுத்த மண்ணின் ஆண்டுகள்.

வன்னி மண்ணைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் வேறு தேவைக்காகக் கொடுக்கப்பட்ட அரச, பன்னாட்டுப் பணத்தின் பக்கவிளைவாகச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கனிப்பொருளுக்கு, குளத்துக்கு, பயிருக்கு என்று வந்த பணம் அது. அந்தத் தேவை முடிந்த இடத்தில் அறிவும் நின்றது. அதற்கு அப்பால் இருந்த வெற்றிடத்தைத் தெரணியகல தெற்கின் ஆண்டுகளால் நிரப்பினார்.

தொடக்கம் 1903. குடியேற்ற அரசு கனிப்பொருள் அளவையை நிறுவி ஆனந்த குமாரசுவாமியை அதன் பணிப்பாளராக்கியது. பின்னாளில் கலைவரலாற்றுக்குப் பெயர்போன அவருடைய பெயர் தோரியனைட் என்ற கனிமத்தின் கண்டுபிடிப்போடும் சேர்ந்திருக்கிறது. அதே பணியில் பின்னர் வந்தவர் ஈ.ஜே. வேய்லண்ட். இலங்கையின் கற்காலங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1919இல் 'ஸ்பொலியா செயிலனிக்கா'வில் வெளிவந்தது. செம்மண்ணையும் அதன் அடியிலுள்ள கிறவலையும் 'மேட்டுநிலப் படிவுகள்' என்று பெயரிட்டு, அவற்றில் மனிதர் உடைத்த கற்கள் உண்டு என்று வாதிட்டார். பின்னர் உகண்டாவுக்குப் போய் அங்கே புவியியல் அளவையை நடத்தினார்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1907இல், பாசல் நகரத்து சரசின் சகோதரர்கள் (உண்மையில் ஒன்றுவிட்டவர்கள்) சொந்தச் செல்வத்தில் வந்து கற்கருவிகளைத் தேடினார்கள். வேடரின் முன்னோரைக் காண வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. ஆகவே வேடர் நாட்டுக் குகைகளுக்குப் போனார்கள். தனியார் பணம் கேள்வியைத் தேர்ந்தது; கேள்வி நிலத்தைத் தேர்ந்தது. அரசாங்கப் பணத்துக்கு அப்படியொரு கேள்வி இல்லை. கனிப்பொருள் எங்கும் இருக்கலாம் என்பதால், எவரும் விரும்பிப் போகாத சமதரைக் கிறவலிலும் அது கால்வைத்தது. செம்மண் கற்கருவிகளை நாம் அறிந்ததற்கு இந்த அலட்சியமான பரப்பே காரணம் என்று எண்ணுகிறேன்.

கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் கட்டு 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. வேய்லண்ட் இலங்கையில் பணியாற்றிய ஆண்டுகள் இதற்குள் அடங்குகின்றன. குளக்கட்டுக்கு மண் வெட்டினால் செம்மண்ணின் அடி தெரியும். கிறவல் வெளியே வரும். காட்டுக்குள் புதையுண்டிருந்த ஒரு படிவு பின்னால் தீவு முழுவதற்கும் பெயர்கொடுக்கும் அளவுக்குக் கண்ணில் பட்டது எப்படி என்ற கேள்விக்கு, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மண்வெட்டிதான் விடை என்பது என் ஊகம். ஊகம் என்றே இருக்கட்டும். ஆனால் அங்கே வெட்டியவை தொல்லியல் குழிகள் அல்ல. வெட்டிய மண் கட்டாகியது.

அடுத்த தவணைப் பணம் கொழும்புத் திட்டத்தின் வழியாக வந்தது. 1956இல் கனடாவின் உதவியோடு தீவு முழுவதும் விமானத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது. 1961இல் உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர் மூர்மனும் விவசாயத் திணைக்களத்தின் பாணபொக்கேயும் இலங்கை மண்களுக்குப் புதிய வகைப்பாடு ஒன்றைத் தந்தார்கள். புத்தளம் தொடங்கி மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வரை கரைக்குச் சற்று உள்ளே ஓடும் செம்மண்பட்டி அதில் 'செம்மஞ்சள் லற்றசோல்' ஆனது. எந்தப் பயிர் எங்கே வரும் என்பதே அந்த வகைப்பாட்டின் நோக்கம். பதினைந்து ஆண்டு கழித்துத் தெரணியகல அதே மண்ணை எடுத்துக்கொண்டு, கோர்னெல் பல்கலைக்கழகத் தொகுப்பு ஒன்றில், வறண்ட வலயத் தாழ்நிலத்தின் மூன்று படிவுகளின் நிலவடிவத்தையும் மண்ணியலையும் எழுதினார். பயிருக்கென்று கொடுத்த பணம் தொல்லியலுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அக்கட்டுரையின் தலைப்பிலேயே மண்ணியல் இருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை.

அடியில் கிறவல், மேலே காற்றுக் கொணர்ந்து குவித்துப் பின் சிவந்த மணல் என்ற இந்த அடுக்குக்குத்தான் 'இரணைமடுப் படிவு' என்ற பெயர் நிலைத்தது. வடக்கிலும் தெற்கிலும் அடுக்கு ஒன்றுபோலவே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. இதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

புந்தலப் பகுதியின் பத்திராஜவெல, வெல்லேகங்கொட அகழ்வுகள் 1970களின் தொடக்கத்தில் நடந்தவை. அங்கிருந்த மணலின் வயதை அளந்தது அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுகூடம். விக்ரம் சாராபாய் 1947இல் நிறுவிய அந்த நிறுவனம் இந்திய அரசின் விண்வெளித் துறைப் பணத்தில் இயங்குவது. ஏ.கே. சிங்வி, தெரணியகல, சென்குப்தா மூவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரை, வெப்ப ஒளிர்வு முறையில் கரையோரச் செம்மணலின் வயதைக் கண்டது. மணலின் படிகத் துகள் வெயில் படும்போது தன்னுள் சேர்ந்திருந்த கதிரியக்கச் சேமிப்பை இழந்துவிடும். புதையுண்ட நாள் தொட்டு மறுபடி சேர்க்கத் தொடங்கும். சூடேற்றினால் அந்தச் சேமிப்பு ஒளியாக வெளிப்படும். ஒளியின் அளவு புதையுண்ட காலத்தைச் சொல்லும். கொழும்புக்கும் டில்லிக்கும் இடையில் நல்ல பேச்சு இல்லாத ஆண்டு அது. அப்படியிருந்தும் தெற்கின் மணல் அகமதாபாத்துக்குப் போய் ஆண்டோடு திரும்பியது. அறிவியல் ஒத்துழைப்பின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டுகள் எவை? வெல்லேகங்கொடவில் நுண்கற்கருவிகளோடு சேர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 28,000. பத்திராஜவெலவில் கிறவலுக்கு மேலுள்ள மணலுக்கு 70,000ஐ ஒட்டிய காலம். 125,000 என்பது இந்த வரிசையில் வரும் ஓர் அளவீடு அல்ல. அது கிறவலின் காலம். கிறவல் படிந்தபோது கடல்மட்டம் உயர்ந்திருந்தது. உயர்ந்த கடல்மட்டம் கடைசி இடைப்பனிக்காலத்துக்குரியது. ஆகவே 125,000 என்பது பொருத்தத்தால் வந்த எண். மேலிருக்கும் மணல் 70,000 என்றால் கீழிருக்கும் கிறவல் அதைவிடப் பழையது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பழையது என்பது வேறு கேள்வி.

என் கருத்து வேறுபாடு இங்கே தொடங்குகிறது. தெற்கில் இந்த எண் அளவீட்டிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறது. வடக்குக்கு வரும்போது இரண்டு படி தள்ளிவிடுகிறது. முதற்படி, மணலிலிருந்து கடல்மட்டத்தின் வழியாகக் கிறவலுக்கு. இரண்டாம் படி, புந்தலக் கிறவலிலிருந்து தோற்ற ஒற்றுமையின் வழியாக இரணைமடுக் கிறவலுக்கு. முதற்படியை நான் ஏற்கிறேன். கரையில் நிற்கும் படிவுக்குக் கடல்மட்டம் நியாயமான சாட்சி. இரண்டாவதை ஏற்கத் தயங்குகிறேன். இரணைமடு கரையில் இல்லை. ஆற்றோரக் கிறவலும் கரையோரக் கிறவலும் பார்வைக்கு ஒன்றாகலாம். வந்த வழி வேறு, காலமும் வேறாகலாம்.

சிவப்பு நிறமும் உதவாது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளைப் பார்த்தவர்களுக்கு வடபகுதிச் செம்மணல் அந்நியமாகத் தெரியாது. சாய்னரும் அல்சினும் 1956இல் தேரி நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதியபோது அவர்களும் கடல்மட்டத்தை வைத்தே காலம் கணித்தார்கள். அங்கே விடை சில ஆயிரம் ஆண்டுகளில் வந்தது. 2012இல் தென்கிழக்குக் கரையின் செந்நிறப் படிவுகளின் ஒளிர்வு ஆண்டுகள் வெளிவந்தபோது, தேரிச் செம்மணலில் ஒரு பகுதியேனும் கடந்த பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்குள் படிந்து சிவந்தது என்பது உறுதியானது. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் அதே சிங்வி. புந்தலவுக்கு எழுபதாயிரம் சொன்ன முறையின் வாரிசு, பாக்குநீரிணைக்குச் சற்றுத் தெற்கே பத்தாயிரத்தை ஒட்டிய எண்களைச் சொல்கிறது. இரண்டும் சிவப்பு. இரணைமடுச் செம்மணல் எந்தப் பக்கம் சாயும்? தூரத்தை வைத்துச் சொன்னால் தேரிதான் அருகில். தூரம் சான்றல்ல என்பது தெரியும். நிறமும் சான்றல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தெரணியகல பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அடர்த்தி எண்கள் ஆண்டுகளிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல, சூழலிலிருந்தும் பிறந்தவை. வறண்ட தாழ்நிலத்தில் வேட்டைக்கு விலங்கும் உண்ணக் கிழங்கும் அதிகம், மழைக்காட்டில் குறைவு என்பது அவருடைய அடிப்படை. அந்த அளவில் வடக்கும் தென்கிழக்கும் ஒரே வகுப்பில் வருவது பொருந்தும். ஆனால் அவ்வாறு வகுத்தால் கிடைப்பது ஒரு நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற எண். வாழ்ந்தவர்களின் எண்ணுக்கு மண்ணில் சான்று வேண்டும். வவுனியாவின் பெரும்பகுதி செம்மஞ்சள் லற்றசோலே அல்ல, செங்கபில மண். இரணைமடுப் படிவின் ஆண்டை அங்கே நீட்ட மண்ணும் துணைவராது. 5,863 சதுர கிலோமீற்றரில் எவ்வளவுக்கு அவருடைய வரிசை பொருந்தும் என்று கேட்டால், செம்மண்பட்டி அளவுக்கு, அதுவும் ஐயத்தோடு, என்றே சொல்வேன்.

ஏன் வடக்கில் அகழவில்லை என்ற கேள்விக்குப் போர் என்று விடை சொல்வது வழக்கம். அந்த விடை காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. புந்தல தேர்வானது 1983க்கு முன். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் அப்போது ரயிலில் போகலாம். புந்தலவில் படிவை வெட்டித் திறந்து வைத்திருப்பது கடலும் காற்றும். குறைந்த பணத்தில் நல்ல முகம் கிடைக்கும். இரணைமடுவில் அந்த முகம் காட்டுக்கும் குளக்கட்டுக்கும் அடியில். திணைக்களத்தின் பணம் குறைவு, ஆகவே மலிவான முகம் தேர்வானது என்பது எனக்குப் போரைவிட நம்பத்தக்க விளக்கம். போர் செய்தது, அந்தத் தேர்வை முப்பது ஆண்டுகளுக்குத் திருத்த முடியாமல் ஆக்கியது.

அந்த முப்பது ஆண்டுகளிலும் வன்னியின் பெயர் உலக அறிவியலில் வளர்ந்தபடியே இருந்தது. மைன்ஸ் நகரத்து க்ரோனர் முன்னின்ற ஜேர்மன்–இலங்கைக் கூட்டு ஆய்வு, தீவின் பழம்பாறைகளை மறுவகுப்பு செய்து ஒன்றுக்கு 'வன்னித் தொகுதி' என்று பெயரிட்டது. 1991இல் புவியியல் அளவைத் திணைக்களம் அதன் தொகுப்பை வெளியிட்டது. பாறை ஆய்வில் இது பெரிய சாதனை. எனினும் இரணைமடுப் படிவும் வன்னித் தொகுதியும் கிளிநொச்சியில் ஒரு மாணவர் கையில் எடுத்துப் பார்க்கும் மாதிரிகளாக இல்லாமல், பிற நாட்டுச் சஞ்சிகைகளில் பெயர்களாக இருந்தன. கிளிநொச்சியில் 1990இல் தொடங்கிய விவசாய பீடமே யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கிய காலம் அது.

2009க்குப் பின் வந்த பன்னாட்டு ஆய்வுப் பணமும் குகைகளையே நாடியது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் துணையோடு பாஹியன்லெனாவில் கிடைத்த எலும்பு அம்புமுனைகளுக்கு 48,000 ஆண்டு என்ற முடிவு 2020இல் வந்தது. அது ஈரவலயம். தெரணியகலவின் வரிசையில் 0.1 பெற்ற நிலத்தில் இத்தனை செழிப்பான சான்று கிடைப்பதும், 1.5 பெற்ற வடக்கில் சான்று இல்லாதிருப்பதும், பாதுகாப்பான குகை இருப்பதன் விளைவு மட்டுமா, பணம் போன இடத்தின் விளைவுமா? இரண்டும் என்பேன். வடக்கில் அண்மையில் வேலணைச் சிப்பி மேட்டிலிருந்து வந்த ஆண்டு ஏறத்தாழ 3,400. அதற்கும் 125,000க்கும் இடையில் வடக்குக்கென்று அளந்த எண்களை வைத்து ஒரு கோடு இழுக்க இயலாது. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நிலையில் இரணைமடுவில் குழி வெட்டும் பணம் வெளியிலிருந்தோ வேறு திட்டத்தின் ஓரத்திலிருந்தோதான் வரக்கூடும்.

ஓரம் இருந்தது. குளத்தைப் புனரமைக்க சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடன் வந்து, கட்டு உயர்த்தப்பட்டு, 2018 டிசம்பரில் வான் பாய்ந்தது. கிறவல் அகழ்வோ, வீதிகளுக்கும் வீட்டுத்திட்டங்களுக்கும் என்று வன்னியெங்கும் ஓயவில்லை. ஒரு கிறவல் குழியின் சுவர் மூடப்படுமுன், அதில் இருட்டில் ஓர் உருக்குக் குழாயை அடித்து மணல் எடுத்து, வெளிச்சம் படாமல் கட்டி அனுப்புவதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. அறிவியல் நகர் வளாகத்தின் விவசாய பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் அந்தச் சுவர்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. செம்மணலுக்கு மூன்று, கிறவலுக்கு இடைப்பட்ட மணற்கண்களிலிருந்து இரண்டு என்று ஐந்து மாதிரிகள் அகமதாபாத்துக்கோ வேறெங்கோ போய்த் திரும்பினால், மேலே நான் எழுதியவற்றில் பாதி தேவையற்றதாகலாம். கிறவல் 125,000 என்று வந்தால் தெரணியகலவின் இரண்டாம் படி நிலைபெறும். பத்தாயிரத்தை ஒட்டி வந்தால், வரிசையிலிருந்து 'வடக்கு' என்ற சொல்லை எடுக்க வேண்டும். அதுவரை அந்த 4,700 பேருக்கும் 8,800 பேருக்கும் நான் ஆண்டு கொடுக்கமாட்டேன்.