கொலு கிரிக்கெட் செட் எப்படி உருவாகிறது? வீட்டிலேயே செய்ய முடியுமா?

நவராத்திரி கொலுவில் தசாவதாரம், கல்யாண செட் வரிசையில் குழந்தைகள் முதலில் தேடுவது கிரிக்கெட் செட்டைத்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளையார் பொம்மை உடைந்தால் வேறு பிள்ளையார் வாங்கிக்கலாம். விக்கெட் கீப்பர் உடைந்தால் மொத்த டீமும் குறைபட்டுப் போகும்.

செட்டில் எத்தனை பொம்மை வேண்டும்?

ஃபீல்டிங் அணியில் 11 பேர், பேட்ஸ்மேன் 2 பேர், அம்பயர் 2 பேர் என மைதானத்தில் இருப்பது 15 பேர். கடையில் கிடைக்கும் செட்டில் எண்ணிக்கை மாறும். பவுலர், கீப்பர், 2 பேட்ஸ்மேன், அம்பயர் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

எப்படி செய்கிறார்கள்?

காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி ஆகியவை கொலு பொம்மைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். களிமண் அல்லது காகிதக் கூழை அச்சில் அழுத்தி, முன்பாதி, பின்பாதியை ஒட்டிக் காயவைப்பார்கள். களிமண் பொம்மையைச் சூளையில் சுடுவார்கள். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். கண் எழுதுவது கடைசி வேலை.

ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் எல்லாம் ஒரே ஆளாகத்தான் வெளியே வரும். அவர்களைத் தனித்தனி வீரர்களாக மாற்றுவது தூரிகைதான். மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது, பெயின்ட்டும் நிற்காது. விற்பனையோ நவராத்திரியை ஒட்டிய சில வாரங்கள்தான்.

வெளிநாட்டில் இப்படி உண்டா?

உண்டு. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட 'பிளட் பவுல்' என்ற பலகை விளையாட்டில் ஓர்க், எல்ஃப் போன்ற கற்பனை இனங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் பாணியில் மோதும். களத்தில் அணிக்கு 11 பேர். வண்ணம் பூசாத குட்டி பொம்மைகளை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடிப்பது ஆடுபவர் வேலை. ஒவ்வொரு வீரருக்கும் தனித் திறமை உண்டு. எது யார் என்று குழம்பாமல் இருக்க முதுகில் நம்பர் எழுதுவது வழக்கம். கொலு செட்டுக்கும் இந்த யோசனை உதவும்.

ஏரியூரில் இருந்தே செய்யலாமா?

தாராளமா செய்யலாம். தருமபுரி மாவட்டம் ஏரியூரில் கிடைக்கும் பொருட்களே போதும்.

* பழைய நியூஸ் பேப்பரை ஊறவைத்து அரைத்து, தண்ணீரைப் பிழிந்து, சாக்பீஸ் தூளும் பசையும் சேர்த்துப் பிசையவும்.
* கை, காலுக்கு உள்ளே மெல்லிய கம்பி வைக்கவும். தூக்கிய கை அப்போதுதான் நிற்கும்.
* ஸ்டம்புக்கு ஈர்க்குச்சி, பேட்டுக்கு ஐஸ் குச்சி.
* நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே வெள்ளைப் பூச்சு.
* பெயின்ட்டை ஒரே தடவையாக அப்ப வேண்டாம். மெல்லிசாக இரண்டு முறை அடித்தால் முகம் தெளிவா இருக்கும்.

அச்சு இல்லாததில் ஒரு வசதியும் உண்டு. பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனைச் செய்ய வேண்டுமானால், பந்தை இடது கையில் கொடுக்கணும். வலது கை பவுலர் அச்சில் அது வராது. கையால் செய்யும்போது கம்பியை வளைத்தாலே போதும்.

கொலு முடிந்ததும்?

ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வைக்கவும். காகிதக் கூழுக்கு எதிரி கீழே விழுவது அல்ல, ஈரம்தான். மிச்சமான பெயின்ட்டையும் பத்திரப்படுத்துங்க. அடுத்த வருஷம் ஒருவரின் கை ஒடிந்தாலும், அதே நிற ஜெர்சியில் அவர் திரும்ப டீமுக்குள் வந்துவிடலாம்.