தலையசைவு உள்ளீடு: கைபேசிகளில் அதன் மதிப்பீடு

கைகளை இயக்க இயலாதவர்கள் தலையைத் திருப்பியும் தாழ்த்தியும் திரையின் அம்புக்குறியை நகர்த்தும் முறை. கைபேசியில் முன்பக்கக் கேமரா மூக்கையோ முகத்தின் வேறொரு புள்ளியையோ பின்தொடர்கிறது. அம்புக்குறி ஓரிடத்தில் சிறிது நேரம் நிலைத்தால் அங்கே விரல் பட்டதாகக் கொள்வது பரவலான ஏற்பாடு.

இதை அளக்கும் கோல் 1954-இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி: இலக்கு தொலைவாகவும் சிறிதாகவும் இருக்குமளவு, எட்டும் நேரமும் கூடும். 1985-இல் ஜகசின்ஸ்கியும் மாங்கும் இவ்விதியைத் தலையசைவுக்கும் பொருத்திப் பார்த்தனர்.

விரிவான பதிவு 1990-இல் ராட்வின், வாண்டர்ஹைடன், லின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. உடற்குறை இல்லாத 10 பேர் மவுஸையும், மீயொலியால் இயங்கும் தலைக்கருவியையும் கொண்டு, திரையின் நடுவிலிருந்து எட்டுத் திசைகளிலும் உள்ள வட்டங்களை எட்ட வேண்டியிருந்தது. மிகச் சிறிய வட்டத்தின் விட்டம் 2.7 மி.மீ. தலைக்கருவிக்குச் சராசரியாக 63 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. மவுஸுக்குத் திசை பெரிய பொருட்டாக இல்லை. தலையோ மேலும் கீழும் அசையும்போதே விரைந்தது. மூளை முடக்குவாதம் உள்ள இருவரும் இதே முறையில் சோதிக்கப்பட்டனர். ஒருவருக்கு உடலின் பக்கவாட்டில் தாங்கல் கொடுத்ததும் ஏற்பட்ட நுண்ணிய முன்னேற்றம்கூட அளவீட்டில் தெரிந்தது. கருவியை மாற்றாமல், உட்காரும் விதத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் அது. பின்வந்த ஆய்வுகள் இதற்கு இன்னும் கூடுதலாகக் காது கொடுத்திருக்கலாம்.

பாஸ்டனில் பெட்கே, கிப்ஸ், ஃபிளெமிங் உருவாக்கிய, கேமரா வழியே உடலசைவைப் பின்தொடர்ந்து அம்புக்குறியை நகர்த்தும் 'கேமரா மவுஸ்' பற்றிய 2002 கட்டுரை, கடும் மூளை முடக்குவாதமோ மூளைக் காயமோ உள்ள 12 பேர் முயன்றதில் 9 பேருக்குக் கைகூடியதாகக் கூறுகிறது.

கைபேசித் திரைக்கு உரிய சோதனை பின்னரே வந்தது. ஐஎஸ்ஓ 9241 தரநிலையின் சோதனை இலக்குகளை வட்டமாக அடுக்குவதால் திரையின் மூலைகள் விடுபடுகின்றன. கைபேசியிலோ பல பொத்தான்கள் விளிம்பை ஒட்டியே இருக்கும். பலியாரிக் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ரோய்க்-மைமோ, மன்ரேசா-யீ, வரோனா ஆகியோர் ஸ்காட் மெக்கன்சியுடன் இணைந்து 2018-இல் மூலைகளையும் சேர்த்த சோதனையை முன்வைத்தனர்.

இத்தகைய சோதனைகளின் முடிவை, வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து விநாடிக்கு இத்தனை பிட் எனச் சொல்லும் ஒற்றை எண் போதுமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. மவுஸுக்கு அது பெரும்பாலும் 3.7 முதல் 4.9 வரை, தலையசைவுக்குக் குறைவு. மவுஸைப் பிடிக்கவே இயலாதவருக்கு இந்த ஒப்பீடு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. உடற்குறை இல்லாதவர்களிடம் எடுத்த அளவுகளை மற்றவர்களுக்கும் நீட்டலாமா என்பதும் அப்படியே.

கூகுள் 2024-இல், தலையசைவாலும் முகபாவங்களாலும் கருவியை இயக்கும் 'கேம்ஃபேஸ்' திட்டத்தை ஆண்ட்ராய்டுக்கு விரிவாக்கியது. இந்தியாவில் இன்க்ளுசா என்னும் சமூக நிறுவனம் அதில் பங்காளி. ஐபோன், ஐபேடுகளுக்கான தலையசைவுக் கட்டுப்பாட்டை ஆப்பிள் 2025 மே மாதம் அறிவித்தது.