உருளைப்புழுக்கள்: வகைப்பாடும் ஒட்டுண்ணி வாழ்வின் தோற்றமும்

பொதுமக்கள் 'வயிற்றுப்பூச்சி' என்று ஒரே பெயரால் குறிப்பிடுபவை உண்மையில் பல்வேறு புழுக்களாகும். நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி ஆகியவை உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவை. நாடாப்புழு இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. கண்டங்களற்ற உருண்டையான உடலும், உறுதியான மேலுறையும் இவற்றின் அடையாளங்கள். வளர்ச்சியின்போது இவை நான்கு முறை தோலுரிக்கும். 1997-இல் வெளியான மரபணு ஆய்வு, தோலுரிக்கும் விலங்குகள் என்ற ஒரே பெருங்குழுவில் இவற்றையும் பூச்சியினங்களையும் சேர்த்தது. 'பூச்சி' என்னும் நம் வழக்கு முற்றிலும் பிழையன்று போலும்.

முன்னர், வால்பகுதியில் உள்ள நுண்ணிய உணர் உறுப்பு இருப்பதையும் இல்லாததையும் கொண்டு உருளைப்புழுக்கள் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. 1998-இல் மார்க் பிளாக்ஸ்டர் குழுவினர் 53 இனங்களின் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டு, ஐந்து கிளைகளை முன்வைத்தனர். அவ்வாய்வின் முக்கிய முடிவு, ஒட்டுண்ணி வாழ்வு ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று என்பதாகும். விலங்குகளில் குறைந்தது நான்கு முறையும் தாவரங்களில் மூன்று முறையும் அது தனித்தனியே தோன்றியுள்ளது.

சாட்டைப்புழு முதற்கிளையைச் சேர்ந்தது. நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, யானைக்கால் நோய்ப்புழு, நரம்புச்சிலந்தி ஆகியவை மூன்றாம் கிளை. (நரம்புச்சிலந்தி நோயற்ற நாடாக இந்தியா 2000-இல் சான்றளிக்கப்பட்டது.) நான்காம் கிளையில், உழவர்கள் நன்கறிந்த வேர்முடிச்சு நூற்புழுவுடன் மனிதரைத் தாக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவும் இடம்பெறுகிறது. ஐந்தாம் கிளையில் கொக்கிப்புழுவுக்கு உறவாக இருப்பது, ஆய்வகங்களில் வளர்க்கப்படும், மண்ணில் வாழும் தீங்கற்ற உருளைப்புழு இனமான சினோராப்டிடிஸ் எலிகன்ஸ்.

இவ்வுறவு ஒட்டுண்ணி வாழ்வு தோன்றிய வழியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. எலிகன்ஸ் புழு, உணவு குறைந்தால் மூன்றாம் இளம்பருவத்தில் உண்ணாமல், கடினமான உறையுடன் பல வாரங்கள் காத்திருக்கும். கொக்கிப்புழுவும் அதே மூன்றாம் பருவத்தில், உண்ணாமல், ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. வறட்சியைத் தாங்க அமைந்த பருவமே பின்னர் விலங்கின் உடலுக்குள் செல்லும் வாயிலாயிற்று எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இம்மாற்றம் மிகப் பழமையானது: பிரேசிலில் கிடைத்த, சுமார் 24 கோடி ஆண்டுப் பழமையான விலங்கு எச்சப் புதைபடிவத்தில் கீரிப்பூச்சி இனத்தின் முட்டை கண்டறியப்பட்டுள்ளது.

வகைப்பாடு மருத்துவத்திற்கு ஏன் தேவை? ஒரே மருந்து எல்லாப் புழுக்களையும் ஒரே அளவில் நீக்குவதில்லை. ஒரு தவணை அல்பெண்டசோல் நாக்குப்பூச்சியை நன்கு நீக்கும். சாட்டைப்புழுவிடம் அதன் பயன் மிகக் குறைவு. ஆகவே 'பூச்சி மாத்திரை சாப்பிட்டுவிட்டேன்' என்பது எல்லாப் புழுக்களுக்கும் விடையாகாது.

இவற்றுள் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பற்றித் தாங்கள் கட்டாயம் அறிந்திருத்தல் நலம். இது மண்ணில் சுதந்திரமாகவும், மனிதக் குடலில் ஒட்டுண்ணியாகவும் வாழ வல்லது. குடலிலேயே மீண்டும் தொற்றை ஏற்படுத்திக்கொள்வதால், பல பத்தாண்டுகள் அறிகுறியின்றி நீடிக்கும். இரண்டாம் உலகப்போரில் பர்மா-தாய்லாந்து ரயில்பாதையில் பணிபுரிந்த போர்க்கைதிகள் சிலரிடம், முப்பது ஆண்டுகள் கடந்தும் இத்தொற்று காணப்பட்டது. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்து அளிக்கப்படும்போது எதிர்ப்பாற்றல் தளர்ந்து, புழுவின் இளம்பருவங்கள் நுரையீரல், மூளை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மண்ணில் வெறுங்காலுடன் நீண்ட காலம் உழைத்தவர்கள், ஸ்டீராய்டு தொடங்குமுன் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் காரணமின்றி உயர்ந்திருந்தால் அதுவும் ஒரு குறிப்பு. எனினும் அது இயல்பாக இருப்பதால் தொற்று இல்லை எனக் கொள்ளலாகாது. ஒருமுறை மலப் பரிசோதனையில் புழு தென்படாமலும் போகலாம். மருத்துவர் கேட்டால் மீண்டும் மாதிரி அளியுங்கள். இதற்கு முதன்மை மருந்து ஐவர்மெக்டின். அதனை மருத்துவர் பரிந்துரையின்றி வாங்கி உட்கொள்ளலாகாது.