சுடுகாட்டுப் பூ

சிக்கல் பக்கம் நித்தியகல்யாணி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது சுடுகாட்டுப் பூ. தலையில் வைக்கக் கூடாது, வாசலில் நடக் கூடாது. கசப்புக்கு ஆடுகூட வாய் வைக்காது. அதனாலேயே வேலியில்லாத மானாவாரிக் காட்டில் நம்பி விதைக்க முடிந்தது. எண்பதுகளில் அப்பா மிளகாய்க்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் போட்டார்.

ஐப்பசி மழைக்கு விதைத்தால் ஆறாம் மாதம் ஒரு பறிப்பு, ஒன்பதாம் மாதம் இன்னொன்று. ஆண்டு திரும்பியதும் தண்டை அறுத்துவிட்டு, ஏர் ஓட்டி வேர் பொறுக்க வேண்டும். இலை உருவுவது பெண்கள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அக்காவும் நானும் உருவுவோம். எத்தனை கழுவினாலும் ராத்திரிச் சோறு கசக்கும். நிழலில் காய்ந்த இலை சாக்குகளில் தூத்துக்குடிக்குப் போகும், அங்கிருந்து கப்பலில் ஐரோப்பா, அமெரிக்கா. எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "மருந்துக்குத்தான் தாயி" என்றார் வியாபாரி. அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

மிச்சத்தை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர். 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு உறையில் இந்த இலைகள் கனடாவுக்குப் போயின. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுவை அடக்குவது ரத்தப் புற்றையும் அடக்குமோ என்று அவரும் உடன் ஆய்வாளர் சார்லஸ் பீரும் தேடிப் பிடித்ததுதான் வின்பிளாஸ்டின். 1958-ல் அறிவித்தார்கள். டன் கணக்கில் இலை இருந்தால் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். எங்கள் சாக்குகளுக்குத் தேவை வந்தது அப்படித்தான்.

அக்காவுக்கு 52 வயதில் மார்பில் கட்டி. அறுவைக்குப் பிறகு சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்கிற டாக்சோரூபிசின் ஏற்றினார்கள். மூன்றாம் ஆண்டு ஈரலில் வந்தது. டோசிடாக்செல் எட்டு மாதம் தாங்கியது, பிறகு அதுவும் கேட்கவில்லை. மதுரையில் டாக்டர் எதையும் மறைக்கவில்லை: இனி முழுசாகக் குணமாக்க முடியாது, முடிந்த மட்டும் நிறுத்தி வைக்கலாம், ஒரு நேரத்தில் ஒரு மருந்து போதும், இரண்டு மூன்றைச் சேர்த்தால் உடம்பு தாங்காது. கேப்சிடபைன் மாத்திரை இருக்கிறது. ஜப்பான் கடற்பஞ்சில் கண்ட பொருளிலிருந்து பிறந்து, 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரிபுலின் இருக்கிறது. வினோரெல்பின் இருக்கிறது. அக்காவுக்கு வினோரெல்பினை எடுத்தார்.

பிரான்சில் பியர் பொத்தியே, எங்கள் சுடுகாட்டுப் பூவின் இலையில் தாராளமாக இருக்கும் இரண்டு பொருள்களை இணைத்து, ஒரு கரியணுவைக் குறைத்துச் செய்த மருந்து அது. அக்காவுக்குக் கேட்காமல் போன டோசிடாக்செலும் அதே மனிதர் ஊசியிலை மரமொன்றின் இலையிலிருந்து கண்டதுதான். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் போன்ற இழைகள் கூடிக் கலையும். டோசிடாக்செல் அவற்றைக் கலையவிடாது, வினோரெல்பின் கூடவே விடாது. பிடிக்கிற இடமும் வேறு. ஒன்று தோற்ற பின்னும் மற்றதற்குச் சிலரிடம் வேலை இருப்பது அதனால்தான்.

பத்து நிமிடத்தில் ஏறிவிடும். நரம்பு புண்ணாகாமலிருக்க உடனே உப்புநீர் விட்டு அலசுவார்கள். வெள்ளணு இறங்கி இரண்டு வாரம் ஊசி தள்ளிப்போனது. கனடாவில் எலிகளுக்கு நடந்ததேதான். முடி அதிகம் கொட்டவில்லை, அக்காவுக்கு அதில் பெரிய நிம்மதி. முதல் ஸ்கேனில் ஈரல் கட்டிகள் வளராமல் நின்றிருந்தன.

அன்றைக்குத்தான் இது நம்ம காட்டுச் சுடுகாட்டுப் பூ என்று அவளிடம் சொன்னேன். ஊசி ஏறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேரா, இலையா?"

"இலைக்கா."

"வேருக்குல்ல வெல கூடக் குடுத்தாக" என்றாள்.