மில்லின் சுதந்திரமும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும்



ஆசிரியர் ஐயா மறைந்த பிறகு அவருடைய புத்தகங்களை அடுக்கிவைக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்ற சிறிய ஆங்கில நூலும் இருந்தது. அட்டை கழன்று, தையல் தெரிந்தது. முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தியின் ஓரத்தில், ‘இதில் நாம் எந்தப் பக்கம்?’ என்று பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். ஐயாவின் நினைவு நாளில் அந்தக் கேள்வியையே பேச எடுத்துக்கொண்டேன்.

மில் 1806இல் லண்டனில் பிறந்தவர். பாடப் புத்தகங்கள் அவரைத் தத்துவ அறிஞர் என்று சொல்லி நிறுத்திவிடும். அவர் எங்கே சம்பளம் வாங்கினார் என்பதைச் சொல்லாது. 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில்லும் அங்கேதான் உயர் பதவியில் இருந்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் 1817இல் இந்திய வரலாறு எழுதி வெளியிட்டவர் அந்தத் தந்தை. அதில் சாதியைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறார். படித்தவுடன் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அவர் அதைச் சொன்னது சேரி மக்களின் விடுதலைக்காக அல்ல. இந்த மக்களுக்குத் தங்களை ஆளும் தகுதி இல்லை என்று காட்டுவதற்காக. நம் வலியை அடுத்தவர் தன் தேவைக்கு எடுத்தாள்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மகன் 1859இல் வெளியிட்ட நூல்தான் ஐயாவிடம் இருந்தது. ஒருவருடைய செயலில் சமூகமோ அரசோ குறுக்கிட வேண்டுமானால், அந்தச் செயல் பிறருக்குத் தீங்கு செய்வதாக இருக்க வேண்டும்; அவருடைய நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதுதான் நூலின் அடிப்படை. பரவலாக எடுத்துச் சொல்லப்படுவதும் இதுதான். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அதற்குச் சற்று முன்னால் வருகிறது. கொடுங்கோன்மை என்றால் மன்னனும் அதிகாரியும் செய்வது என்றே நினைக்கிறோம்; சமூகமே கொடுங்கோலனாக மாறும்போது அதனிடமிருந்து தப்பிக்க வழி குறைவு, ஏனென்றால் அது அன்றாட வாழ்க்கையின் ஒவ்வொரு மூலைக்குள்ளும் புகுந்து உள்ளத்தையே அடிமைப்படுத்துகிறது என்கிறார் மில்.

கல்லூரியில் இதைப் பாடமாக நடத்திய பேராசிரியர், விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் ஒழுக்கக் கெடுபிடிகளை உதாரணம் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அன்று மாலை ஊருக்குப் போனால் டீக்கடையில் எனக்குத் தனிக் குவளை. அந்தக் குவளையை வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் உத்தரவிடவில்லை. சட்டம் சொன்னது நேர்மாறாக. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசாணை இல்லாமலே நிறைவேறும் தண்டனை என்று மில் சொன்னதைக் கடைக்காரர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியருக்கு அந்த உதாரணம் தோன்றவில்லை. மில்லுக்கும் தோன்றவில்லை என்பதுதான் வருத்தம். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தியக் கோப்புகளைப் பார்த்தவர், சமூகக் கொடுங்கோன்மை என்றதும் நினைத்தது, ஊர் வாய்க்குப் பயந்து தன் விருப்பப்படி வாழ முடியாத ஓர் ஆங்கிலேயரைத்தான். பிறக்கும்போதே ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் வெளியே நிறுத்தும் சமூகம் அவர் கணக்கில் வரவில்லை.

வராதது மட்டுமல்ல, கதவும் சாத்தப்பட்டது. ஐயா பென்சில் ஓட்டிய பத்தி இதுதான். இந்தக் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது. இன்னும் பக்குவம் அடையாத, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது என்கிறார் மில். அவர்களை முன்னேற்றுவது நோக்கம் என்றால் எதேச்சாதிகாரமே நியாயமான ஆட்சிமுறையாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அக்பரோ சார்லமேனோ கிடைத்தால் கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழியில்லையாம்.

இந்த ‘முன்னேற்றும்’ ஆட்சி நம்மவர்க்கு என்ன செய்தது? பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கிவைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பறையரும் பள்ளரும், மலபாரில் செறுமரும் புலையரும் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட காலம் அது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மேல் உடைமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையாக வைத்திருப்பதைக் குற்றமாக்க 1860இன் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. இதை மில் தலையில் கட்ட முடியாது. அவர் கையாண்டதில் பெரும்பகுதி சமஸ்தானங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1865இல் ஜமைக்காவின் மோரன்ட் பேயில் கறுப்பின மக்கள் கிளர்ந்தபோது ஆளுநர் எயர் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொல்ல வைத்தார். எயர் மேல் கொலை வழக்கு நடத்தப் போராடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மில். கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன் எல்லாரும் எயர் பக்கம் நின்றார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1867இல் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. இரண்டு ஆண்டு கழித்து எழுதிய ‘பெண்ணடிமை’ நூலில், எந்த ஆதிக்கம்தான் அதைச் செலுத்துகிறவர்களுக்கு இயற்கையாகத் தோன்றவில்லை என்று கேட்கிறார். சாதிக்கு எதிரான வாதத்துக்கு இதைவிடக் கூரான கேள்வி வேண்டுமா? கேட்டவரே தன் கேள்வியை இந்தியா வரைக்கும் நீட்டவில்லை.

நீட்டியவர் அண்ணல். ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டை ஆளத் தகுதியில்லை என்ற மில்லின் சூத்திரத்தைக் காங்கிரஸ்காரர்கள் அன்று மேடைதோறும் ஓதிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் ஒரு வகுப்புக்கு இன்னொரு வகுப்பை ஆளத் தகுதியில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் கேட்டார். அந்த உரைக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். சில பகுதிகளை நீக்கச் சொன்னது அழைத்த லாகூர் அமைப்பு, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் இவர், மாநாடே நின்றுபோனது. ஒரு கருத்தை வாயடைப்பவர்கள் தங்களையும் சேர்த்தே கொள்ளையடித்துக்கொள்கிறார்கள் என்று மில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க வாதிடுகிறார். லாகூர் சீர்திருத்தவாதிகள் அதைப் படித்தார்களோ என்னவோ! நமக்கு அந்த உரை மேடையில் ஒலிக்காமல் அச்சில்தான் கிடைத்தது. 1949 நவம்பர் 25இல், அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றியபோதும் அண்ணல் மில்லைத் துணைக்கு அழைத்தார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சுதந்திரத்தை அவர் காலடியில் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கைக்காக.

அழைத்தார் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கு கூடாது, படித்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு தரலாம் என்று 1861இல் மில் எழுதினார். முதலில் கல்வி, பிறகு வாக்கு. நியாயம்போலத்தான் கேட்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வைத்திருந்தவனே, படிக்காதவன் என்று சொல்லி வாக்குச்சாவடியிலும் மறிப்பதற்கு இது வழி என்பது நமக்குத்தான் தெரியும். எழுத்தறிவு இல்லாதவர் அறிவில்லாதவர் அல்லர் என்று சைமன் குழுக் காலத்திலேயே அம்பேத்கர் வாதிட்டு, வயதுவந்த அனைவருக்கும் வாக்கு கேட்டார்.

1951 கணக்குப்படி நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். மில்லின் தேர்வு வைத்திருந்தால் மற்ற எண்பத்திரண்டு பேரும் வெளியே. அந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். ஐயாவின் அம்மா கைநாட்டுக்காரர். பண்ணையில் சொல்லியனுப்பிய பெட்டி எது என்பது அவருக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டை வேறு பெட்டியில் போட்டுவிட்டு வந்ததாக ஐயாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாராம். எந்தச் சின்னம் என்று கடைசிவரை சொல்லவில்லை.